அடுப்பை அணைத்துவிட்டு

“சாகுற நேரத்துல நீங்க யாரைக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டேன்.

“உன்னைத்தான் டீச்சர். மேல இருக்கறவரைக் கூப்பிட்டா வருவாரோ மாட்டாரோ. உன்னைக் கூப்பிட்டா அடுப்பை அணைச்சுட்டு வந்து நிப்ப.”

திருமணப் பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசியது. கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுபோயிருந்தது. படிவத்தில் மதம் என்ற இடத்தில் நாங்கள் இருவருமே ஒரு கோடு போட்டிருந்தோம். “காலியா விட்டா ஆபீசர் என்னைத்தான் திட்டுவாரு சார்” என்று குமாஸ்தா புலம்பினார். “காலியா எங்க விட்டோம்? ரெண்டு பேரும் அழகா கோடு போட்டிருக்கோமே” என்றார் இவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகத்தான் அப்படிக் கேட்டேன்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்களே ஐயா. எனக்கு முதல் என்பது அந்த பெஞ்ச்தான். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். அவர் காதுக் கருவி பழுது பார்ப்பவர். மாதம் ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வருவார். என் வகுப்புக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, “டீச்சர், காபி குடிச்சாச்சா?” என்பார். உதட்டசைவைப் படிப்பது என் தொழில். ஆனால் என் பிள்ளைகளுக்கும் அதுதானே பாடம்? வகுப்பு முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்கும். முன்வரிசையில் ஒருத்தி, ‘குடிச்சாச்சு’ என்று எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். எங்கள் காதல் அப்படி ஊரறிய, சத்தமில்லாமல் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கூட்டத்தில், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில், மருத்துவர் அறை வாசலில், எங்கே இருந்தாலும் அவர் உதட்டை அசைப்பார். நான் மட்டும் படிப்பேன். ‘டீச்சர், கிளம்பலாமா?’ ‘டீச்சர், உங்க சித்தப்பா ஆரம்பிச்சுட்டாரு பாரு.’ உலகத்திலேயே இரண்டே பேருக்கான பாஷை ஒன்று எங்களிடம் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. படுக்கையறைக்குள் ஆக்சிஜன் மெஷின் வந்தது. நாள் முழுக்க அது மூச்சு விடும் சத்தம்தான் வீட்டில். பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். நான்தான், “பேசாதீங்க. இதை அடிங்க, நான் வரேன்” என்று சொல்லி, பள்ளியிலிருந்து பழைய கைமணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒருமுறை அடித்தால் தண்ணீர். இருமுறை அடித்தால் முதுகைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு சிலேட்டு. அவர் எப்போதும் நான் சொன்னதைக் கேட்கிறவர். அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார், உதட்டைக்கூட அசைக்கவில்லை. பதினான்கு மாதம் ‘டீச்சர்’ என்று அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. இருபது வயதுப் பெண் மாதிரி அதைப் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான் களைத்துப் போயிருந்தேன், உண்மைதான். துணி மாற்றுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, மறுபடியும் துடைப்பது. எனக்கு வயது அறுபத்தாறு. ஆனால் களைப்பைக் காரணமாக எழுதாதீர்கள். அதை எனக்காக எழுத நிறையப் பேர் தயாராக இருக்கிறார்கள். என் நாத்தனாரே இருக்கிறாள்.

அவள் அவருடைய தங்கை. கூடப் பிறந்தவர்களில் அவளுக்கு மட்டும் பக்தி அதிகம். தினமும் மதியம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுப்பாள். அவருக்கு அது வேடிக்கை என்று நினைத்து நான் விட்டுவிட்டேன்.

ஒருநாள் சமையலறைக்கு வந்து, “அண்ணி, நேத்து நான் வேண்டிக்கிட்டப்ப அண்ணனும் கண்ணை மூடிக்கிட்டார்” என்றாள்.

“தூக்கம் வந்திருக்கும்.”

“நீங்க ஒத்துக்க மாட்டீங்களே. எல்லாரும் ஒருநாள் அந்த வாசல்ல வந்து நின்னுதானே ஆகணும்?”

“உங்கண்ணனால பாத்ரூம் வாசல் வரைக்குமே நடக்க முடியலைம்மா” என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ரசத்தைக் கிளறுவது போலக் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவில் கண்ணாடி இருக்கிறது. அதில் அவர் முகம் தெரிந்தது. உதடு அசைந்தது. என் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

‘இவளைத் தனியா விட்டுடாதே. பார்த்துக்கோ.’

என் வாழ்க்கையில் நான் தெளிவாகப் படித்த வரி அது. அந்த உதட்டசைவை நான் தப்பாகப் படிக்க வழியே இல்லை.

திரும்பி, “யார்கிட்ட பேசினீங்க?” என்று கேட்டேன். பெண்டாட்டிகள் காலங்காலமாகக் கேட்கிற கேள்விதான். அவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தார். பிறகு சிலேட்டை எடுத்து மெதுவாக எழுதினார். ‘நம்பிக்கையெல்லாம் இல்லை. சும்மா கேட்டு வைக்கிறேன். உனக்காக.’

“என்னைப் பார்த்துக்கறது யாருன்னு என்கிட்ட கேக்க வேணாமா?”

அவர் பலப்பத்தைக் கீழே வைத்தார். நான் சிலேட்டை வாங்கித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

கொள்கையை விட்டார் என்று எனக்குக் கோபமில்லை. பயத்தில் யாரும் எதையும் பிடித்துக்கொள்வார்கள். நான் படித்தவள், அது எனக்குப் புரியும். அவர் தனக்காக ஒரு வார்த்தை வேண்டியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைக்கூடப் பிடித்திருப்பேன். எனக்கு மணி, அங்கே வார்த்தை என்றால் எப்படி? அதுவும் எங்கள் பாஷையில். பதினான்கு மாதமாக எனக்குக் கிடைக்காத உதட்டசைவு, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்குக் கிடைத்தது. எந்தக் குடும்பத்திலும் பெண்டாட்டி இதைக் கேட்காமல் இருக்க மாட்டாள். நான் சத்தம் போடவில்லை. அவருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தேன். கஞ்சியை வடிகட்டி ஊட்டினேன். அடுத்த பதினொரு நாளும் அலமாரிக் கதவைப் பாதி திறந்தே வைத்தேன். தினமும் அதே வரி. ஒருநாளும் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

இனி நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன்.

கரண்ட் போனால் மெஷின் நின்று, கீச்கீச்சென்று அலாரம் அடிக்கும். உடனே கட்டிலுக்குப் பக்கத்திலுள்ள சிலிண்டரைச் சாவி போட்டுத் திறந்து, குழாயை மாற்ற வேண்டும். எனக்கு நாற்பது நொடி ஆகும். இதற்கு முன்னால் ஏழு தடவை கரண்ட் போயிருக்கிறது. ஏழு தடவையும் மாற்றினேன். எட்டாவது தடவை மாற்றவில்லை. மருத்துவரிடம் மாற்றியதாகச் சொன்னேன். அவர் நம்பினார், நோயின் முடிவு என்று எழுதிக் கொடுத்தார். சிலிண்டரைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்தான் அதன் மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, நான் புதுசா வெச்சுட்டுப் போன மாதிரியே முழுசா இருக்கு?” என்றார். ஆமாம் என்றேன். அவரிடமும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவரும் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பார். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

மதியம் இரண்டே முக்கால். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அலாரம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். அதுவரை அவர் சொன்னபடியே நடந்தேன்.

சிலிண்டர் சாவியை எடுத்துக்கொண்டேன். அவர் கைக்குப் பக்கத்தில் மணி இருந்தது. அதை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். மணி இருந்தால் மணியைத்தான் அடிப்பார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரில், உதடு நன்றாகத் தெரிகிற தூரத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வகுப்பில் நான் உட்காரும் தூரம் அது.

அவர் மெஷினைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கை மணியைத் தேடியது, கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் புரியாமல் போகுமா? ஆனால் முகத்தில் கோபம் வரவில்லை. கண்கள் மேலே கூரைப் பக்கம் போயின. போய்விட்டார், அங்கேதான் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

கண்கள் திரும்பி வந்தன.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. சத்தத்துக்கு அவரிடம் காற்றும் இல்லை. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவரின் அதே உதடு.

‘டீச்சர்.’

நான் உடனே எழுந்துவிட்டேன் ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். சாவி கையில்தான் இருந்தது. நேரமும் இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, எனக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக் களைப்பு அப்படியே உடம்பை விட்டு இறங்கியது போலிருந்தது. அத்தனை சந்தோஷமாக நான் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. சிலிண்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று, குனிந்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனேன். பதினான்கு மாதமாக வாய் வரை வந்து நின்றது, அப்போதுதான் வெளியே வந்தது.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க” என்றேன்.