வளைவில் குமட்டிய கப்பல்காரர்

“கப்பல்ல இத்தன வருசத்துல ஒருக்காக்கூடக் குமட்டலீங்க” என்று முன் இருக்கைக்காரர் கண்டக்டரிடம் சொன்னதுமே, இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குப் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில், அவர் அப்போதுதான் வாந்தி எடுத்திருந்தார்.

கண்டக்டர் பிளாஸ்டிக் கவரை நீட்டினார். “மலைக்குப் புதுசுங்களா?”

பக்கத்திலிருந்த தங்கை முந்திக்கொண்டார். “எங்கண்ணனுங்க. இதே மலையில, வளப்பூர் நாட்டுல பொறந்து, கப்பலேறி, இப்பக் கொச்சியில ஏவாரம் பண்றாரு.”

கண்டக்டர் நகர்ந்ததும் அண்ணன் தலைகுனிந்துகொண்டார். “அத எதுக்கம்மிணி சொன்ன? டூரிஸ்டுன்னே நெனச்சிட்டுப் போயிருப்பாரு.”

“லாரியில பலாப்பழத்து மேல படுத்து, இதே ரோட்டுல தூங்கிட்டே போன ஆளுதானண்ணா நீ?”

அவர் கையிலிருந்த கவரை மடித்தார்.

“ஊட்டுல சொல்லிப்போடாத. நாளைக்குக் காலையில கீழ போயி, மறுபடி ஏறி வாரேன்.”

“எதுக்கு?”

“கவர் இல்லாம வர முடியுதான்னு பாக்கோணும்.”