துண்டு வீசிய கை

தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியர் ரெங்கசாமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, முன்வரிசைப் பாயில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் மனைவி அடைக்கலமேரி அம்மாள் அவர்களே, காய்ச்சல் விட்டும் விடாமலும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே,

சமஸ்தானத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் அவர்கள் காலமாகி இன்று முப்பதாம் நாள். அவரைப் புகழ்ந்து பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்த ஊர்த் தலைவன், அம்பலம் அய்யாக்கண்ணு என்ற முறையில் அழைத்திருக்கிறார்கள். புகழ எனக்கு யோக்கியதை உண்டா? கேட்டு முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அவர் மணமேல்குடிக் கடற்கரையில் பிறந்தவர். தகப்பனார் வலை கட்டுகிறவர். நம் ஊருக்கு மாற்றலாகி வந்த ஏழு வருஷத்தில் அவர் கால்படாத சாக்கடை இல்லை, எட்டிப் பார்க்காத கிணறு இல்லை. நாம் அவருக்கு வைத்த பட்டம் என்ன? கொசு இன்ஸ்பெக்டர்! பெண்கள் தண்ணீர் எடுக்கப் போனால், "கொடத்த மூடி வைங்க ஆத்தா" என்று சைக்கிளை நிறுத்திவிட்டுக் கெஞ்சுவார். நாம் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். கோபப்பட்டு ஒருநாளும் நான் பார்த்ததில்லை, போன பங்குனி மாதம் தவிர.

போன பங்குனி எப்படி இருந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். மழை பொய்த்திருந்தது. யுத்தத்தால் பர்மா அரிசி நின்று போயிருந்தது. மேலைக்கண்மாய் வற்றி, ஐயனார் கோயிலை ஒட்டிய மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. வருஷாவருஷம் கண்மாய் வற்றும்போது எங்கள் குடும்பத்து மூத்தவன் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசுவான். வீசியதும் ஊரே மீன் பிடிக்க ஊத்தாக்கூடையோடு இறங்கும். ஆனால் மடுவில் யாரும் இறங்குவதில்லை. அது ஐயனார் மீன் என்று விட்டுவிடுவோம். ஏன் விட்டோம் என்று நாம் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் காத்த வரைக்கும் அது நின்றது.

போன வருஷம் கண்மாயில் பிடித்தது ஒரு வேளைக் குழம்புக்குக் காணவில்லை. வெள்ளைச்சாமி வந்து, "மடுவத் தொறந்து விடுங்க அம்பலம், புள்ளைக பசியில கெடக்கு, ஐயனாரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றான். வெள்ளைச்சாமி, தலையைக் குனியாதே. நீ கேட்டாய், வீசியது நான்.

முதல்நாளே செய்தி தெரிந்து இன்ஸ்பெக்டர் ஐயா களத்துமேட்டுக்கு ஓடி வந்தார். மரக்கால், படி, ஆழாக்கு மூன்றையும் கொண்டுவரச் சொன்னார். என்னவோ நெல் அளக்கப் போகிறார் என்று நினைத்தோம். வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னார்:

"வெயிலத் தின்னு வளர்றது பாசி மட்டுந்தாங்க. பாசிய அரிச்சுத் திங்கிறது பூச்சிபொட்டு. பூச்சியத் திங்கிறது சின்ன மீனு. சின்ன மீனத் திங்கிறது வெரால். ஒரு கலம் பாசி இருந்தா ஒரு மரக்கா பூச்சி தேறும். ஒரு மரக்கா பூச்சிக்கு ஒரு படி சின்ன மீனு. ஒரு படி சின்ன மீனுக்கு ஆழாக்கு வெரால். குத்துமதிப்புக் கணக்குத்தான், ஆனா ஒவ்வொரு படியிலயும் பத்துல ஒரு பங்காச் சுருங்கும்."

"மிச்சமெல்லாம் எங்க போகுது, களவா போகுது?" என்று நான் கேட்டேன். கூட்டம் சிரித்தது.

"ஓடுறதுக்கும் நீந்துறதுக்கும் மூச்சு விடுறதுக்கும் செலவாயிரும் அம்பலம். உடம்புச் சூடாப் போயிரும். போனது திரும்பாது. செத்து விழுறது சேத்துல மக்கி மறுபடி பாசிக்கு எருவாகும், ஆனா அந்தச் சூடு திரும்பாது. அதுக்குப் புதுசா வெயில் வந்து, புதுசாப் பாசி மொளைக்கணும். அதனாலதான் மேல இருக்கறது எப்பவும் கொஞ்சமா இருக்கு. கொஞ்சமா இருக்கறத வழிச்சு எடுத்துட்டா மறுபடி எப்ப வரும்?"

எனக்கு அது விளங்கவில்லை என்று சொன்னால் பொய். பாதி விளங்கியது. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு வெளியூர்க்காரர் எனக்குப் பாடம் சொல்வதா என்றிருந்தது. "கடக்கரைக்காரருக்குக் கண்மாயப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "வலையத் தெரியுங்க. இது ஏணி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணு இல்ல, வலை. மீனுக்குத் தவளைக்குத் தும்பிக்குத் தண்ணிப்பாம்புக்குக் கொக்குக்கு எல்லாத்துக்கும் முடிச்சு இருக்கு. இங்கிட்டு ஒரு கண்ணிய அறுத்தீங்கன்னா, அங்கிட்டு எது தப்பிச்சு வரும்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, அளவைகளை அங்கேயே விட்டுப் போனார்.

மறுநாள் துண்டு வீசினேன்.

மடுவைக் கலக்கினோம். விரால் போனது, கெண்டை போனது. கூடைக்கு அகப்படாத பொடிமீனைச் சேலையால் அரித்தோம். தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த முண்டக்கண்ணி மீன் குழம்புக்குக்கூட ஆகாது. அதையும் அரித்துக் கரையில் கொட்டினோம், வெயிலில் காய்ந்து நாறியது. இரண்டு நாள் ஊர் முழுக்க மீன்வாசம். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் வயிறு நிறையத் தூங்கினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிரம்பியது. மேலே உள்ள கண்மாய்களும் வற்றிக் கிடந்ததால் வரத்துவாய்க்காலில் மீன் வரவில்லை. வழக்கமாகக் கொசுப்புழுவைத் தின்று தீர்ப்பது அந்த முண்டக்கண்ணிதான். அது இல்லை. கரையோரத் தண்ணீரில் புழு நெளிந்தது. கார்த்திகையில் குளிர்காய்ச்சல் வந்தது. மார்கழி முடிவதற்குள் பதினொரு பேரைத் தூக்கிக்கொண்டு போனோம். நாம்தான் எல்லாவற்றையும் தின்கிறவர்கள், மேல்படியில் நிற்கிறவர்கள் என்று இருந்தோமே. கொசுவுக்கு நாம் பாசியாகிப் போனோம்.

அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா மாத்திரை எங்கே? அது வந்துகொண்டிருந்த ஜாவாத் தீவு ஜப்பான்காரன் கையில் போனபின் ஆஸ்பத்திரியிலேயே இல்லை. என் மனைவி உண்ணாமலை எட்டு நாள் பிதற்றிக் கிடந்தாள். இன்ஸ்பெக்டர் ஐயா வந்து பன்னிரண்டு மாத்திரை கொடுத்தார். "ஆபீஸ்ல வந்துச்சுங்க" என்றார். அவள் பிழைத்தாள். அதோ, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தை பிறந்ததும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய பங்குக்கென்று எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு மாத்திரைதான் அது என்று, அடைக்கலமேரி அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் நான் குடைந்து கேட்டபிறகு சொன்னார்கள்.

இருபது நாள் கிடந்தார். நான் போய்க் கட்டில் அருகே நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் ஒருதரம்கூட, "அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக, "அன்னார் விட்ட பணியைத் தொடர்வோம்" என்று சபதம் செய்வது வழக்கம். நான் எதைத் தொடர்வது? போன மனிதரைக் கொண்டுவர முடியுமா? பதினொரு பேரைக் கொண்டுவர முடியுமா? செலவழிந்த சூடு திரும்பாது என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் இருக்கிறது. அவர் வீட்டுக் கொல்லைத் தொட்டியில் மீன் இருக்கிறது. கார்த்திகையில் குடுமியான்மலைக் குளத்திலிருந்து இரண்டு குடத்தில் நூறு முண்டக்கண்ணி கொண்டுவந்தாராம். கலிங்கு வழிந்து ஓடும்போது விட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும், தொட்டியில் பெருகட்டும் என்று வைத்திருந்தாராம். அவர் படுத்துக் கிடந்த நாளில் தண்ணீர் மாற்ற ஆளில்லை. செத்தது போக மிஞ்சியதை நேற்று நானும் அந்த அம்மாளும் எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்று.

கண்மாய் நூற்றிருபது ஏக்கர். மீன் முப்பத்தொன்று. இது போதுமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரிந்தவர் இல்லை. பிழைத்தால் எத்தனை வருஷத்தில் பெருகும் என்றும் தெரியாது. அதற்குள் இன்னொரு ஐப்பசி வரும்.

கலிங்கில் தண்ணீர் வழிவது நின்றுவிட்டது. கூட்டம் கலைந்ததும் அந்த மீனை மடுவுக்குக் கொண்டு போகிறோம். வருகிறவர்கள் வரலாம். வழியில் துள்ளி விழாமல் இருக்கக் குடத்தின் வாயை ஈரத்துணியால் கட்ட வேண்டும் என்று அடைக்கலமேரி அம்மாள் சொன்னார்கள். என் பாட்டன் வீசி, என் தகப்பன் வீசி, போன பங்குனியில் நான் வீசிய துண்டு இதோ என் தோளில் இருக்கிறது. நனைத்துத்தான் கொண்டு வந்திருக்கிறேன். அம்மா, குடத்தை எடுங்கள்.