தையல் மெஷின் நின்ற இடம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எழுத்தாளர் பெருமக்களே, அச்சகத்துத் தோழர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னால் நிற்கும் வாசகர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் தையல் மாஸ்டர் அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் எழுத்தில் குறை கண்டே பிழைப்பு நடத்துகிறவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. 'மறைந்த நம் ஆசிரியரம்மா கட்டுரை உலகின் கலங்கரை விளக்கம்' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதி வந்தேன். படியேறும்போதே அவர் குரல் காதில் விழுந்துவிட்டது: "விளக்கெல்லாம் இருக்கட்டும்ங்க. என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

என்ன நடந்தது? நம் ஆசிரியரம்மா போய்விட்டார். கட்டுரைக்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கி, தலை நரைக்கும்வரை அதைத் தாங்கிப் பிடித்தவர் போய்விட்டார்! அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் தையல் கடையில் மெஷின் ஓடவில்லை. மெஷின் ஓடாததால் எங்கள் இதழும் ஓடவில்லை. வந்த கட்டுரைகளெல்லாம் மேசையில் அப்படியே கிடக்கின்றன.

தையல் மெஷினுக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாஸ்டர் ஆசிரியரம்மாவின் கணவர். காலையில் அவர் மெஷினில் உட்கார்ந்ததும், அம்மா எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, வந்த கட்டுரையைச் சத்தமாக வாசிப்பார். மாஸ்டர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். எந்த வரியில் அவர் கால் தானாக நின்று, மெஷின் சத்தம் அடங்குகிறதோ, அந்த வரிக்கு மேலே அம்மா பென்சிலால் ஒரு கோடு போடுவார். கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கும்! கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் போச்சு. பெரிய எழுத்தாளர் என்று விட்டாரா? விடவில்லை! பழகிய முகம் என்று பார்த்தாரா? பார்க்கவில்லை! "வேலையா இருக்கிற மனுஷனை நிறுத்தணும்ங்க. சும்மா இருக்கிறவன் எதை வேணா படிப்பான்" என்பார்.

நம் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நடப்பதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை அனுப்பினார். முதல் மூன்று பத்தியும் மனிதன் எப்போது நிமிர்ந்து நடக்கத் தொடங்கினான் என்ற ஆராய்ச்சி. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. நான்காவது பத்தியில், 'அப்பா புதுச் செருப்பு தேய்ந்துவிடும் என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்' என்று வந்தது. மெஷின் நின்றது. கோடு விழுந்தது. அந்தக் கட்டுரையைப் பற்றி இன்றைக்கும் வாசகர்கள் பேசுகிறார்கள். ஆனால் தலைவருக்கு இதுவரை தெரியாத ஒன்று உண்டு. அன்று மாஸ்டரின் மெஷினில் நூல் அறுந்துவிட்டது! மறுநாள் அவர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. "பரவாயில்ல, உங்க நூலுக்கும் நல்ல ரசனை!"

தொடக்கம் கிடைத்தால் போதுமா? போதாதே! மாஸ்டர் துணி வெட்டும் மேசையில் அம்மா கட்டுரையைப் பத்தி பத்தியாக வெட்டிப் பரப்புவார். ஒவ்வொரு பத்தியையும் படித்துவிட்டு, "அப்புறம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அந்த "அப்புறம்" என்பதற்கு எந்தப் பத்தி பதில் சொல்கிறதோ அதை எடுத்துக் குண்டூசியால் சேர்த்துக் குத்துவார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத பத்தி, எவ்வளவு அழகாக இருந்தாலும், துணித்துண்டுகளோடு கூடைக்குப் போகும். "இது வேற கட்டுரைங்க, வழி தெரியாம இங்க வந்துடுச்சு" என்பார். இதில் மாஸ்டருக்கு வந்த கோபம் வேறு. "துணி வெட்டுற கத்தரிக்கோலால பேப்பரை வெட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? முனை மழுங்குதுல்ல!" சண்டை முற்றி, கடைசியில் மாஸ்டரே ஒரு பழைய கத்தரிக்கோலைச் சாணை பிடித்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி அம்மாவிடம் கொடுத்தார். அதன் பிறகும் அம்மா அவசரத்துக்கு அவருடையதைத்தான் எடுப்பார்.

முடிவைப் பற்றி அவர் சொன்னதைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. கடைசிப் பத்தியில் 'ஆகவே' என்று பார்த்தாலே முகம் சுளிப்பார். "கிளம்புறேன்னு சொல்லிட்டு வாசல்லயே அரைமணி நேரம் பேசுற விருந்தாளி மாதிரி இருக்கு. சொல்ல வந்ததைச் சொல்லியாச்சுன்னா எழுந்து போயிடணும்." அப்படிச் சொன்னவர் இவ்வளவு சீக்கிரம் எழுந்து போவார் என்று யார் நினைத்தோம்? எங்களுக்கு இன்னும் கேட்டு முடியவில்லையே, அம்மா!

மருத்துவமனையில் நடந்ததை மாஸ்டரின் சம்மதத்தோடு சொல்கிறேன். அங்கே மெஷின் ஏது? மாஸ்டர் சட்டைகளை எடுத்துப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் பொத்தான் தைப்பார். அம்மா தலையணையில் சாய்ந்தபடி வாசிப்பார். கடைசியாக வாசித்தது ஒரு பேருந்து நடத்துநர் எழுதிய முதல் கட்டுரை. ஒரு வரியில் மாஸ்டரின் கை நின்றது.

"ஏங்க, நிறுத்திட்டீங்க? நல்லாருக்கா?"

"ஆமா. ரொம்ப நல்லாருக்கு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. கோடு போட்டார்.

போன வாரம் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தபோதுதான் மாஸ்டர் சொன்னார்: "கட்டுரைக்காக நிறுத்தலப்பா. அந்த வரி வந்தப்போ அவ குரல் கேக்கல. உதடு மட்டும் அசைஞ்சுச்சு. ஊசி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல."

 மாடிக்குப் போய் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். 'கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்' என்று இருந்தது. நண்பர்களே, அந்தக் கட்டுரை அந்த வரியில்தான் தொடங்க வேண்டும். வேறெங்கும் தொடங்க முடியாது! அந்தக் கோட்டை நான் மாற்ற மாட்டேன். அடுத்த இதழில் அது அப்படியே வரும்.

அதற்கடுத்த இதழ்? அதற்கும் அடுத்தது? இதழை நிறுத்திவிடலாம் என்று சில நண்பர்கள் அன்போடு சொன்னார்கள். நிறுத்த மாட்டோம்! ஆனால் இந்த வாக்குறுதியை நான் தனியாகத் தர முடியாது. உங்களையும் சேர்த்துத்தான் தருகிறேன், மாஸ்டர்.

நாளைக் காலையில் கீழே வருகிறேன். கையில் ஒரு புதுக் கட்டுரை இருக்கும். சிவப்பு நூல் கட்டிய கத்தரிக்கோலும் கொண்டுவருகிறேன். அந்த முக்காலியில் உட்கார எனக்குத் தகுதி இல்லை, நின்றுகொண்டே வாசிக்கிறேன். என் குரல் கரகரப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு துணியை எடுத்து மெஷினில் உட்காருங்கள். கிழிந்த திரைச்சீலையாக இருந்தாலும் போதும்.

எந்த வரியில் மெஷின் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். அது நிற்க வேண்டுமானால், முதலில் ஓட வேண்டும் மாஸ்டர்.