செய்தியில் உங்கள் பிள்ளை

விளம்பரக் குறுஞ்செய்தி எனக்கும் பிடிக்காது, ஐயா. சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துத்தான் போன் கிணுகிணுக்கும். எடுத்தால் யாரோ காணி விற்கிறார்கள். இதற்கொரு சட்டம் வேண்டும் என்று கிளிநொச்சி வர்த்தகர் கூட்டத்தில் முதலில் எழும்பிப் பேசியவனே நான்தான்.

நான் விளம்பரம் செய்கிறவன், தொல்லை கொடுக்கிறவன் அல்ல. தங்கள் இரவுச் செய்தியை வன்னியில் ஒருவரும் பார்ப்பதில்லை என்று ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் என்னிடம் வந்தார்கள். போரில் காணாமல் போனவர்களின் தாய்மாரை வைத்து அவர்கள் முன்பு ஒரு நிகழ்ச்சி செய்திருந்தார்கள். அந்தத் தாய்மார் தாங்களாகவே தந்த போன் இலக்கங்கள் கையில் இருந்தன. அவற்றுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: "உங்கள் பிள்ளை பற்றிய தகவல் விரைவில் எங்கள் இரவுச் செய்தியில். தவறாமல் பாருங்கள்."

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். விளம்பரம் என்றால் சிக்கல் வரலாம், தகவல் என்றால் பரவாயில்லை என்றார். 'விரைவில்' என்ற சொல்லை மெச்சினார்.

கனகராயன்குளத்துப் பத்மாசனி அம்மா அன்றே போன் எடுத்தார்.

"தம்பி, சுஜிதன் எண்டு என்ர மகன். அவனைப் பற்றித்தானோ?"

"இன்னும் உறுதியாகேல்லை அம்மா. செய்தியைப் பாருங்கோ."

இதில் பொய் இல்லை. உண்மையிலேயே உறுதியாகவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி எடுப்பார். நான் ஒருநாளும் எரிந்து விழவில்லை. அமைச்சர் ரிப்பன் வெட்டியது, வெள்ளம், கிரிக்கெட் எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்துவிட்டு, "இண்டைக்கும் சொல்லேல்லை, தம்பி" என்பார். "நாளைக்குப் பாருங்கோ" என்பேன். வாடிக்கையாளரிடம் இவ்வளவு பொறுமை இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

மாசியில் அவருடைய மகள் தாட்சாயினி என் கடைக்கு வந்தாள். தாய்க்குச் சீனி வருத்தம். காலில் வந்த புண் மணக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வார்ட்டில் நிற்கச் சொல்லியும் மாட்டேன் என்கிறாராம். அங்கே டிவி இல்லையாம்.

"நான் பாத்துச் சொல்லுறன் எண்டாலும் கேக்கிறா இல்லை. நீங்கள் சொன்னால் கேப்பா, அண்ணா."

அவள் முன்னாலேயே போன் எடுத்து, "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அம்மா" என்றேன். அவர் ஓம் என்றார். தாட்சாயினி அழுதுகொண்டே நன்றி சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போனாள்.

ஆனால் அந்தக் கிழமைதான், எத்தனை வீடுகளில் செய்தி ஓடுகிறது என்று அறியக் கொழும்பு ஆட்கள் அந்தப் பக்கம் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் போனபின் இன்னொன்று அனுப்பினேன்: "இந்தக் கிழமைச் செய்தி மிக முக்கியம்." எல்லோருக்கும்தான் அனுப்பினேன். பத்மாசனி அம்மாவை மட்டும் விலக்கியிருந்தால் அது பாரபட்சம்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காய்ச்சலோடு டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே, செய்தி முடிவதற்குள் போய்விட்டார். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மகளுக்கு அது உடனே தெரியவில்லை.

செத்தவீட்டுக்குத் தொலைக்காட்சிக்காரரை நானே கூட்டிப்போனேன். தாட்சாயினி கமெராவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "மகனுக்காகக் காத்திருந்த தாய். இன்றிரவுச் செய்தியில்" என்று வழக்கமான இலக்கங்களுக்கு அனுப்பினேன். அது செத்த மனுசியின் போனுக்கும் போயிருக்கிறது. அதைக் கொண்டுவந்துதான் அவள் உங்களிடம் முறைப்பாடு செய்திருக்கிறாள்.

எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது விளங்குகிறது, ஐயா. எதிலென்றாலும் எழுதுங்கள். அனுப்பியது நான். போக இருந்தவரை மறித்ததும் நான். தெரிந்துதான் செய்தேன்.

இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அன்றிரவுச் செய்தியில் தாயின் படத்துக்குப் பக்கத்தில் சுஜிதனின் படத்தையும் போட்டு, பெயரையும் சரியாகச் சொன்னார்கள். பத்மாசனி அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.