பூசணம் பிடித்த சோகை

“நேத்து எடுத்து வச்ச பூசணம் எங்கம்மா?”

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும். மகள் ஆராய்ச்சி மாணவி என்று பேச்சில் தெரிந்தது. மடியில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை.

“பூசணம் புடிச்சத அப்டியேவா எடுத்துக்கினு போவ? வெந்நீர்ல அலசி, மல்லாட்டைக் கடலை கணக்கா மாடியில காய வச்சேன்.”

“ஐயோ, அந்தப் பூசணம்தாம்மா வேணும்! அதுல ஊறுற என்சைம்தான் சோகைய சர்க்கரையா ஒடைக்கும். அதுலேர்ந்துதான் வண்டிக்கு ஊத்தற எத்தனால் எடுக்கணும். லேப்ல இருக்கறது எதுவும் இவ்ளோ ஜல்தியா ஒடைக்கல.”

அம்மா டப்பாவை வாங்கி மூடினார்.

“கழனி மோட்டார் கொட்டாயாண்ட அந்தச் சோகை இன்னும் குமிஞ்சிதான்டி கெடக்குது.”

“அப்ப எறங்கு, திரும்பிப் போலாம்.”

“உங்கப்பா இன்னிக்கி கொளுத்தறேன்னாரு.”

மகள் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை ஸ்பீக்கரில் அவர் குரல் பேருந்துக்கே கேட்டது.

“உங்கம்மா தீப்பெட்டிய எங்க வச்சான்னு கேளு. காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன்.”