அலிசியாவின் மூன்றாவது வாசிப்புச் சோதனை

சைபுல்: ...மாவட்டத்துல முப்பத்தோரு ஸ்கூல், டீச்சர். இலக்கை எட்டின முப்பதும் பச்சை. நடுவுல பாருங்க, ஒரே ஒரு மஞ்சள். மாவட்டக் கூட்டத்துல இந்தப் படத்தைத் திரையில போட்டாங்க. எல்லார் கண்ணும் நேரா அங்கதான் போச்சு.

அக்னஸ்: நல்லதுதானே சார். மத்த முப்பது ஸ்கூல் பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க பேரு இருக்கும்.

சைபுல்: என்னைப் போய் 'சார்'ங்கறீங்க? கோபமா இருக்கீங்க போல.

அக்னஸ்: மாவட்டக் கல்வி ஆபிஸ் ஃபைலோட வந்தா சார். சும்மா வந்தா தம்பி. நான் இங்க தலைமையாசிரியையா வந்து நாலு வருஷம் ஆச்சு, அப்படித்தானே ஓடுது. பசியாறிட்டீங்களா?

சைபுல்: பாடாங் செராய் சிம்பாங்ல, அந்த முச்சந்திக் கடையில ரெண்டு ரொட்டி...

அக்னஸ்: ரெண்டா?

சைபுல்: ...நாலு.

அக்னஸ்: உங்க அப்பா சுங்கைப் பட்டாணியில சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காரு. மகன் அடுத்த ஊரு கடையில வரிசையில நிக்கிறாரு. கேள்விப்பட்டா மனசு உடைஞ்சு போயிரும்.

சைபுல்: நீங்க சொல்ல மாட்டீங்கன்ற தைரியம்தான் லா. பேச்சை மாத்தாதீங்க. நல்லதை முதல்ல எழுதிக்கிறேன். வருகை... போன வருஷம் தொண்ணூத்தொரு விழுக்காடு. இலக்கு தொண்ணூத்தஞ்சு. இப்ப தொண்ணூத்தேழு. எப்படி டீச்சர்?

அக்னஸ்: போன்லதான். முந்தின நாள் வராத பிள்ளை வீட்டுக்குக் காலையில ஆறு மணிக்கு அடிப்பேன். "தலைமையாசிரியை பேசுறேன், புவனேசன் எழுந்துட்டானா?" ரெண்டு நாள் அப்பா எடுப்பாரு. மூணாவது நாள் புவனேசனே எடுத்து, "சட்டை போட்டுட்டேன் டீச்சர்"ம்பான்.

சைபுல்: இதை அறிக்கையில எப்படி எழுதுறது?

அக்னஸ்: "பெற்றோருடன் அணுக்கமான தொடர்பு." எழுதுங்க. அழகா இருக்கும்.

சைபுல்: எழுதிட்டேன். அடுத்தது, மாநில அறிவியல் விழா. மழை வந்தா தானா உள்ள இழுத்துக்கிற துணிக்கொடி... வெள்ளிப் பதக்கம். ஐம்பத்திரண்டு பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல இருந்து. கூட்டத்துல இதுக்குக் கை தட்டினாங்க, உண்மையாவே.

அக்னஸ்: ஆறாம் ஆண்டு ரமணியும் யோகேந்திரனும். கேண்டீனுக்குப் பின்னால கட்டி வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க. வாளியில தண்ணி தெளிச்சா உடனே இழுத்துக்கும். மழைக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கும்.

சைபுல்: தங்கம் ஏன் கிடைக்கலன்னு இப்ப புரியுது.

அக்னஸ்: அதையும் எழுதிராதீங்க.

சைபுல்: எழுதல. இனி மஞ்சளுக்கு வருவோம். மூணாம் ஆண்டுல ஒன்பது பிள்ளைங்க. எட்டுப் பேரு வாசிப்புல தேறிட்டாங்க. அலிசியா மட்டும் நிக்கிறா. இன்னைக்கு மூணாவது சோதனை. கூப்பிடுறீங்களா?

அக்னஸ்: இன்னைக்கேவா... அவளுக்குக் காலையில இருந்து சளி. குரல் சரியில்ல.

சைபுல்: வாசல்ல கயிறு தாண்டிக்கிட்டு இருந்தா டீச்சர். நூத்திப் பன்னெண்டு வரைக்கும் சத்தமா எண்ணினா. நடுவுல எனக்கு வணக்கமும் சொன்னா.

அக்னஸ்: ...அலிசியா. உள்ள வாம்மா.

அலிசியா: வணக்கம் டீச்சர். வணக்கம் சார்.

சைபுல்: வணக்கம்மா. இந்தப் பத்தியைச் சத்தமா வாசி. அவசரம் இல்ல.

அலிசியா: ஆ...ற்...றங்... கரையில்... ஒ...ரு... மா...

சைபுல்: ம், மா...?

அலிசியா: மாடு.

சைபுல்: படத்துல மரம்தானே இருக்கு.

அலிசியா: மாடு மரத்துக்குப் பின்னால இருக்கு சார்.

அக்னஸ்: அலிசியா.

அலிசியா: மாமரம் டீச்சர்.

சைபுல்: சரி, மாமரம். அடுத்த வரி?

அலிசியா: தெரியல சார். எழுத்தெல்லாம் ஆடுது.

சைபுல்: அப்படியா... போதும்மா. நீ போ.

அலிசியா: சார்... அப்ப நான் இன்னும் பின்னேர வகுப்புக்கு வரணுமா?

சைபுல்: வரணும் போல இருக்கு.

அலிசியா: நன்றி சார். நன்றி டீச்சர்.

சைபுல்: ...தேறாத பிள்ளை நன்றி சொல்லிட்டுக் குதிச்சுக்கிட்டே போறதை நான் எந்த ஸ்கூல்லயும் பாத்ததில்ல.

அக்னஸ்: மரியாதை தெரிஞ்ச பிள்ளை. பால் இல்லாம ஒரு கோப்பி ஓ கொண்டு வரச் சொல்லவா?

சைபுல்: வேணாம் டீச்சர். ஒண்ணு சொல்லணும். மூணு தடவையும் தேறலைன்னா நான் வேற ஒரு தாள் எழுதணும். பிள்ளையை ஆஸ்பத்திரியில காட்டணும். அப்புறம் சிறப்புக் கல்வி வகுப்பு. அது இங்க இல்ல, கூலிம் பக்கம் போகணும். ஸ்கூலே மாறிடும். பேரு, பிறந்த தேதி எல்லாம் எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.

அக்னஸ்: போடாதீங்க.

சைபுல்: ஏன் டீச்சர்?

அக்னஸ்: போடாதீங்க தம்பி.

சைபுல்: ஃபைல் கையில இருக்கறப்பவே தம்பியா?

அக்னஸ்: ஆமா. ...அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

சைபுல்: ம்.

அக்னஸ்: அஞ்சாம் ஆண்டுப் புத்தகத்தையே வாசிப்பா. ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு நாள், நூலகத்துல சின்னப் பிள்ளைங்க மூணு பேரை உக்கார வெச்சுக் கதை வாசிச்சிட்டிருந்தா. புலிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல். நான் கதவுக்கு வெளிய நின்னு முழுசா கேட்டேன். உள்ள போகல.

சைபுல்: ஏன் போகல?

அக்னஸ்: போனா, எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா எழுதணும். எழுதினா மறுநாள்ல இருந்து அவளுக்குப் பின்னேர வகுப்பு கிடையாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு மட்டும்தானே அஞ்சரை வரைக்கும் வகுப்பும் சாப்பாடும்? தேறினவ ஒரு மணி வேன்ல வீட்டுக்குப் போகணும். பேரு இல்லாத பிள்ளையை இங்க வெச்சிருக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை அனுப்பினது நீங்கதான்.

சைபுல்: வீட்டுல யாரு இருக்கா?

அக்னஸ்: யாரும் இல்ல. அம்மா வனேசாவுக்கு ஹைடெக் பூங்கா ஃபேக்டரியில ஷிஃப்ட். காலையில ஏழு, ராத்திரி ஏழு. அப்பா ஜோகூர்ல லோரி ஓட்டுறாரு, மாசத்துல ஒரு தடவை வருவாரு. எஸ்டேட் வீட்டு வரிசையில இவங்க வீடும் இன்னொன்னும்தான் மிச்சம், மத்தவங்க டவுனுக்குப் போயிட்டாங்க. போன வருஷம் முழுக்க இந்தப் பொண்ணு தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு ஆறு மணி நேரம் தனியா உக்காந்திருந்தா. டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவாளாம். "வெளிய போறவங்க, உள்ள நிறைய ஆள் இருக்காங்கன்னு நினைப்பாங்க டீச்சர்"னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

சைபுல்: இப்ப, அஞ்சரைக்கு அப்புறம்?

அக்னஸ்: என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். ஏழரைக்கு ஃபேக்டரி பஸ் வரும். வனேசா கையில பிடிச்சுக் கொடுத்துட்டு வருவேன்.

சைபுல்: அதனால அவ ஃபெயில் ஆகுறா.

அக்னஸ்: அவ ஃபெயில் ஆகுறா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன் தம்பி. பொய் சொல்லாதேன்ற பாடம் வந்தா, அந்தப் பக்கத்தை மட்டும் சீக்கிரமா திருப்பிடுறேன்.

சைபுல்: இதைப் பத்தி அவகிட்ட பேசினீங்களா?

அக்னஸ்: இல்ல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. சொன்னா, டீச்சரே கூட நின்னு பொய் சொல்றாங்கன்னு ஆயிடும். அதை நான் அவளுக்குக் கத்துக் கொடுக்கக் கூடாது, இல்லையா?

சைபுல்: முப்பத்தோரு ஸ்கூல்ல நேர்மையான ஹெட் யாருன்னு கேட்டா, உங்க பேரைத்தான் சொல்லுவேன் டீச்சர்.

அக்னஸ்: கேலியா?

சைபுல்: பாதி.

அக்னஸ்: மீதிப் பாதியோட அந்தத் தாள்ல என் பேரை எழுதுங்க. தலைமையாசிரியை தெரிஞ்சே மறைச்சாங்கன்னு எழுதுங்க. விசாரணைக்குக் கூப்பிட்டா வர்றேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அலைய விடாதீங்க.

சைபுல்: விசாரணைக்கு வந்தா நீங்க ஆபிசரையே முட்டி போட வெச்சிருவீங்க. கண்ணாடியைப் போடுங்க. ஃபைல்ல கடைசித் தாளை எடுத்துப் படிங்க.

அக்னஸ்: இருங்க... "வாசிப்புத் துணைவர். வாசிப்பில் தேறிய மாணவர் இருவர், இளைய மாணவர்களுக்கு உதவும் பொருட்டு, பின்னேர வகுப்பில் தொடர்ந்து இருக்கலாம். அவர்களுக்கும் உணவு வழங்கப்படும்." ...இப்படி ஒண்ணு இருக்கறதா யாருமே சொல்லலையே.

சைபுல்: இருந்தா தானே சொல்ல? நான்தான் எழுதிக் கேட்டேன். எல்லா மேசையும் சுத்தி வர ஆறு வாரம் ஆச்சு. நேத்து சாயங்காலம்தான் கையெழுத்தாகி வந்துச்சு. தேறின பிள்ளைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அலிசியா இன்னைக்கு உக்காந்திருக்கிற இடத்துலயே உக்காந்திருக்கலாம்.

அக்னஸ்: அப்ப இன்னைக்கு வாசிச்சது?

சைபுல்: ஒத்திகை. சோதனை நாளைக்கு. அந்த மாமரத்தைத் தூக்கிப் போட்டுட்டு, இந்தத் தாளையே அவகிட்ட வாசிக்கக் கொடுங்க. எழுத்து ஆடாது.

அக்னஸ்: ...தம்பி.

சைபுல்: அழுதா நான் கிளம்பிடுவேன்.

அக்னஸ்: அழல, சளி. இருங்க... ஆறு வாரம்னா சொன்னீங்க? நான் இப்பதானே வாயைத் திறந்தேன். அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா ஆஸ்பத்திரி, கூலிம்னு என்னை மிரட்டினீங்க?

சைபுல்: அந்த விதி உண்மைதான் டீச்சர், அதுக்குப் பயந்துதான் நானும் அந்தத் தாளுக்காக மேசை மேசையா ஓடினேன். ஆனா இதை நீங்களா சொல்லணும். நான் வாயைத் திறக்க முடியாது.

அக்னஸ்: ஏன் முடியாது? யாரு உங்ககிட்ட சொன்னது?

சைபுல்: அலிசியாதான்... ரெண்டாவது சோதனை முடிஞ்சு நான் கார்ல ஏறப் போறேன், பின்னாலயே ஓடி வந்தா. சீட்டுல கிடந்த என் மகளோட கதைப்புத்தகத்தை எடுத்தா, ஒரு பக்கத்தை நிக்காம வாசிச்சுக் காட்டினா. "டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க சார், கூட்டத்துல அவங்களைத் திட்டாதீங்க... ஆனா எனக்கு வாசிக்கத் தெரியும்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க"ன்னா. நானும் சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன்.