ஒன்பதில் எட்டு

லிங்கராஜ் அண்ணாச்சிக்கு வணக்கம். வர்த்தகர் சங்க வெள்ளிவிழா மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள். கோவில்பட்டியில் இன்டர்நெட் கடை போட்ட ஆரம்ப ஆட்களில் ஒருவன் என்ற முறையில் அந்த அனுபவத்தை எழுத வேண்டும், தொழிலில் பட்ட கஷ்டம் ஒன்றையாவது அதில் சேர்க்க வேண்டும் என்று சொன்னீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கடை போர்டில் போட வேண்டியதைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

1999 ஆவணியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘சோலை நெட்’ ஆரம்பித்தேன். அதுவரை அந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, ஒரு பழைய ஏசி, வாசலில் கண்ணாடிக் கதவு. டெலிபோன் லைன் வழியாகத்தான் நெட் வரும். மோடம் கரகரவென்று கத்தி, விட்டுவிட்டுக் கூவி, நல்ல நேரம் இருந்தால் கிடைக்கும். பாதி நாள் கிடைக்காது. சித்திரை வெயிலில் நெட்டுக்கு வந்தவர்களைவிட ஏசிக்கு வந்தவர்கள்தான் அதிகம். கயத்தாற்றிலிருந்து ஒரு பெரியவர் துபாயில் இருக்கும் மருமகனுக்கு மெயில் அனுப்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். அனுப்பிவிட்டேன் என்றதும் திரையைக் குனிந்து பார்த்தார். “போயிருச்சுங்கீங்க. போயிருச்சுன்னா பெறவு ஏன் இங்கனயே நிக்குது?” என்று கேட்டார். அவருக்குப் புரிய வைக்க அரைமணி நேரம் ஆயிற்று. நான் பொறுமைசாலி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

கஷ்டம் என்றால் லைன்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2002 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள், ஒரு வியாழக்கிழமை. அப்போதெல்லாம் ரிசல்ட் அன்று எங்களைப் போன்ற கடைகளில்தான் கூட்டம். காலையில் எட்டு மணிக்கே வாசலில் நூறு பேர் நின்றார்கள். பதிவு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் உள்ளே பார்த்து, பாஸ் என்றால் ஊதா மையிலும் பெயில் என்றால் சிவப்பு மையிலும் மார்க்கை எழுதிச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பேன். ‘முடிவுகள் உடனுக்குடன்’ என்று போர்டு வைத்திருந்தேன். மார்க்கெட் ரோட்டில் சாமித்துரை புதிதாக ஆறு கம்ப்யூட்டர் போட்டுக் கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரிடம் என்னைவிட நல்ல மோடம் இருப்பதாக ஊருக்குள் பேச்சு. ரிசல்ட் நாளில் யார் கடையில் லைன் நிற்கிறதோ அந்தக் கடையைத்தான் வருஷம் முழுக்க ஜனம் நினைவில் வைத்திருக்கும். உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்களும் கடை வைத்திருக்கிறவர்.

பத்து மணிக்கு நெட் கிடைத்தது. முப்பது சீட்டு பார்த்திருப்பேன். பத்தே முக்காலுக்கு லைன் செத்துப்போயிற்று. திரும்பத் திரும்பப் போட்டேன், எங்கேஜ்டு சத்தம் மட்டும்தான். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். பதினொன்றரை வரை சமாளித்தேன். பிறகு வெளியே வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், அங்கே போர்டில் ஒட்டியிருப்பார்கள், சீக்கிரம் தெரியும் என்று சொன்னேன். அது நியாயமான பேச்சுதான். கூட்டம் கலைந்தது.

ஒன்பது பேர் போகவில்லை. அவர்கள் தனித்தேர்வர்கள், அதாவது ஒருமுறை பெயிலாகிவிட்டு வெளியிலிருந்து திரும்ப எழுதியவர்கள். அவர்களுக்குப் போய்ப் பார்க்கப் பள்ளிக்கூடம் கிடையாது. நெட்டில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் பரீட்சை எழுதிய இடத்துக்கு மார்க் ஷீட் வர மூன்று வாரம் ஆகும். லைன் இல்லை என்று சொன்னால் ஒன்பது பேரும் நேரே சாமித்துரை கடைக்குத்தான் போவார்கள். அவர் லைனும் அன்று அதே நேரம் செத்துக் கிடந்தது என்று எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். முன்னமே தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன். என் நிலைமை அப்படி.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பது சீட்டிலும் நானே எழுதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் எழுதினேன். ஒன்பதும் பாஸ் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தனித்தேர்வர்களில் பாதிக்கு மேல் தேறுவதில்லை, அது ஊருக்கே தெரியும். அதனால் மூன்று பாஸ், ஆறு பெயில் என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் போலீஸ்காரர், வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுதியவர். அவருக்குப் பெயில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையன் தாய்மாமனோடு வந்திருந்தான். மாமன் ஆட்டு வியாபாரி, ஆளைப் பார்த்தாலே சண்டைக்காரர் என்று தெரிந்தது. அவனும் பாஸ். இன்னொரு பிள்ளை நன்றாக இங்கிலீஷ் பேசியது.

பொன்மணிக்குப் பெயில் போட்டேன்.

அவள் புதூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பதினெட்டு வயது. முதல் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டே படித்த பிள்ளை என்பதால் நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. இயற்பியல் ஒன்றுதான் பாக்கி. லைனுக்காகக் காத்திருந்தபோது அவளாகவேதான் சொன்னாள். அவள் அப்பா சின்னக்கருப்பன் ஆடு மேய்க்கிறவர், கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. மழை இல்லாமல் இரண்டு வருஷமாக ஒன்றும் விளையவில்லை. பாஸானால் தூத்துக்குடியில் நர்சிங் படிக்க வைப்பதாகவும், பெயிலானால் திங்கட்கிழமை பட்டாசு ஆலை வேனில் ஏறிவிட வேண்டும் என்றும் வாக்குக் கொடுத்திருந்தாராம். “எங்க ஐயா சொன்னாச் சொன்னதுதான் அண்ணாச்சி. பாசுன்னு மட்டும் வந்துட்டாப் போதும், ஆட்ட வித்தாவது படிக்க வச்சிருவாவ” என்றாள். ஆகவே எனக்கு விவரம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் அவளோடு யாரும் வரவில்லை. சத்தம் போடுகிற முகமும் இல்லை. பெயில் என்று சொன்னால் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது, அப்படியேதான் நடந்தது. மார்க் எழுத வேண்டுமே என்று அறுபத்தொன்று என்று எழுதினேன். அப்போது இருநூறுக்கு எழுபது எடுத்தால் பாஸ். முப்பது, நாற்பது என்று எழுதி அந்தப் பிள்ளை மனதைப் புண்படுத்த எனக்கு இஷ்டமில்லை. சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். “ஒம்பது மார்க்கு” என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் கேட்டாள், குடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு லைன் வந்தது. உடனே, நோட்டில் குறித்து வைத்திருந்த ஒன்பது எண்ணையும் போட்டுப் பார்த்தேன். அது என் பழக்கம், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன். மலரில் போடலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்பதில் எட்டு சரியாக இருந்தது. மூன்று பாஸும் பாஸ்தான். ஐந்து பெயிலும் பெயில்தான். மார்க்கை யாரும் ஒத்துப் பார்க்க வரவில்லை. மனுஷாளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட எனக்குத் தெரியும் என்று அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். பொன்மணி ஒருத்திதான் மாறிப்போனாள். அவள் நூற்று நான்கு எடுத்திருந்தாள்.

ஒருத்தி விஷயத்தில் தப்பு என்று சொன்னால் மற்ற எட்டுப் பேரும் சந்தேகப்படுவார்கள். அவர்கள் ரிசல்ட் சரி என்று நான் எப்படி நிரூபிப்பது? தவிர, மூன்று வாரத்தில் மார்க் ஷீட் வரும், வந்தால் அவளுக்கே தெரிந்துவிடும், அதற்குள் என்ன கெட்டுப்போகிறது என்று இருந்தேன். இதில் அநியாயமாக ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

அப்படியும் மனம் கேட்கவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டு, கடம்பூர் போளி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு புதூருக்குப் பஸ் ஏறினேன். ஞாயிறு ஆலைக்கு லீவு, வீட்டில் இருப்பாள். கம்ப்யூட்டரில் கோளாறு, நீ பாஸம்மா என்று சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். புதூரில் இறங்கினேன். அங்கிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டும். கரிசல் வெடித்துக் கிடந்தது, வழியில் ஒரு மரம் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவர்கள் என்னோடு சண்டைக்குக் கிளம்பி வந்தால் கடை வாசலில் அசிங்கம். வாரம் முழுக்க வேலைக்குப் போய்ப் பழகியிருப்பாள், இன்னும் பத்து நாள்தானே என்றும் தோன்றியது. பசித்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். திரும்புகிற பஸ் வரும்போது இரண்டாவது பொட்டலமும் தீர்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆலையில் வெடித்தது. திரி வெட்டுகிற ஷெட். நான்கு பேர். பேப்பரில் மூன்றாவது பெயர் அவளுடையது. அந்த ஷெட்டில் மருந்தை நான் வைக்கவில்லை. அதைப் பாதுகாப்பாக வைக்க வேண்டியவர்கள் வேறே இருந்தார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு, ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஒரு மாதம் கழித்து சின்னக்கருப்பன் கடைக்கு வந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பை ரோட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நின்றார். நானே எழுந்துபோய்த் திறந்துவிட்டேன். நிவாரணப் பணத்துக்கு வயது சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். அவள் முன்பு படித்து, பிறகு பரீட்சையும் எழுதிய பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். கிளார்க் எல்லாக் காகிதத்தையும் ஒரு கவரில் போட்டு நீட்டியிருக்கிறார். அதில் மார்க் ஷீட்டும் இருந்தது. அவர் அதை மட்டும் தனியே எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எம் பிள்ள கடைசியா உங்கள்ட்டதான் வந்துச்சு. அங்கன கூட்டம், யார்ட்டயும் கேக்க முடியல. இதுல என்ன போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

நான் பார்த்தேன். இயற்பியல், நூற்று நான்கு. தேர்ச்சி என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. அவர் கண் அந்த எழுத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் அவருக்கு எழுத்து தெரியாது.

“நாந்தான் அவள வேன்ல ஏத்தி விட்டேன். போமாட்டேன்னு சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. பாசாயிருந்து நான் ஏத்தி விட்டிருந்தேன்னா எனக்கு ஆறாது. ஊர்ல ஒருத்தன் சொல்லுதான், நெட்டுக்காரவிய தப்பாவும் சொல்லுவாவன்னு. அதான் கேட்டுட்டுப் போவமேன்னு வந்தேன்.”

நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி, அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான். பாஸ் என்று சொன்னால் அவர் அங்கேயே விழுந்திருப்பார். பெயில், அறுபத்தொன்று என்று சொன்னேன். அவர் மூச்சை விட்டார்.

“அப்பம் நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்” என்றார். “என் வாக்குல தப்பில்ல.” பிறகு தரையில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கார் ஆபீசுக்கு மாற்றுச் சான்றிதழ் போதும், இது தேவைப்படாது, வைத்திருந்தால் உங்களுக்கும் வேதனை என்று சொல்லி மார்க் ஷீட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை எழுதுவதற்காக இப்போதுதான் மேஜையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கறையான் படாமல் அப்படியே இருக்கிறது.

லைன் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுத விட்டுவிட்டேன். கட்டுரை என்றால் விவரம் சரியாக இருக்க வேண்டும். லைன் ஒன்று பத்துக்கு வந்தது. புதூர் பஸ் இரண்டரைக்கு. அவள் பஸ் ஸ்டாண்டில் எனக்கு நேர் எதிரே, சிமெண்ட் பெஞ்சில், சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகத் தெரிந்தது. ரோட்டைத் தாண்டினால் முப்பது அடிகூட இருக்காது. கடையில் ஆள் இருந்தது, நான் எழுந்திருக்கவில்லை. ஒருமுறை அவள் தலை நிமிர்ந்து கடையைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

இதுதான் என் தொழிலில் நான் பட்ட கஷ்டம். ‘சோலை நெட்’ போன வருஷம் வரை ஓடியது. இப்போது ரீசார்ஜ் கடையாக இருக்கிறது. என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இணைத்திருக்கிறேன், அதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நன்றாக இருக்கும். சின்னக்கருப்பன் இன்றும் சந்தைக்கு வந்தால் என் கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். மலர் வந்ததும் அவருக்கும் ஒன்று கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

இப்படிக்கு,
சோலைராஜ்